ஹெவி மெட்டல் பாட்டு அளவு மிஞ்சிவிட்டதா? மில்லை மூடிவிட்டு மண்ணைக் குறை சொல்லலாமா?

கோலார் தங்கவயல் வாலிபர்களில் ஒரு சாரார் விசித்திரமான ஒரு புகார் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் விடியுமுன் ரெயில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கூட்டத்தில் இவர்களும் அடக்கம். காதில் செருகிய கருவியில் ஓடுவது "ஹெவி மெட்டல்" என்ற மேல்நாட்டு இசை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அது தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். ஆனால் புகார் சொல்வது பெரியவர் அல்ல. ரசிகர்களே சொல்கிறார்கள்: "ரொம்ப அதிகமாக வெளிவருகிறது. கேட்டு மாளவில்லை. எதைக் கேட்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை."

பசித்தவன் சோறு குறைவு என்று சொல்வது உலக வழக்கம். பந்தியில் உட்கார்ந்தவனே இலையில் கொட்டியது போதும் என்று கையால் மறைத்தால், அந்த விருந்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கோளாறு எது என்பதை ஆராய வேண்டியது அவசியம். தங்கவயலுக்கு அதைப் பற்றிப் பேசக் கூடுதல் உரிமையும் உண்டு.

"ஹெவி மெட்டல்" என்றால் கன உலோகம். (தங்கமும் கன உலோகம்தான் என்பதை இந்த ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) பெயர்ப் பொருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த இசை பிறந்த கதையைக் கேட்டால், இது சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் போய்விடும்.

விரலை இழந்த தொழிலாளி

இங்கிலாந்தில் பர்மிங்காம் இரும்புப் பட்டறைகளின் ஊர். 1965ல் அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் டோனி அயோமி. வயது 17. கிட்டார் வாசிப்பில் கெட்டிக்காரர். இசைக்குழுவில் சேர்ந்து வெளிநாடு போகலாம் என்று வேலையை விட்டுவிட்டார். அந்தக் கடைசி நாளன்று இயந்திரம் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறித்துக்கொண்டது. இடது கைப் பழக்கமுள்ளவர் ஆதலால் தந்தியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள்.

சுரங்கத்தில் பாறை வெடித்து விரல் போனவரும் கால் போனவரும் இல்லாத தெரு தங்கவயலில் உண்டா? எனவே அந்த வாலிபர் வீட்டில் முடங்கிக் கிடந்த நிலையை இந்த ஊர் எளிதில் புரிந்துகொள்ளும். அப்போது அவருடைய தொழிற்சாலை மேலாளர் அவர் வீட்டுக்குப் போனார். கையில் ஓர் இசைத்தட்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி கிட்டார் வித்துவான் வாசித்தது. கேட்கச் சொல்லிவிட்டு, தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு இந்த மனிதர் வாசித்தது இது என்றார்.

அந்த ஒரு இசைத்தட்டு போதுமானதாக இருந்தது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். அழுத்துவதற்குச் சுலபமாக இருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் சுருதியையும் இறக்கினார். சத்தம் ஆழமாகவும் கனமாகவும் வந்தது. அவரும், கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்த ஆஸி ஆஸ்போர்னும், இன்னும் இரு நண்பர்களும் சேர்ந்த குழுதான் பிளாக் சப்பாத். 1970 பிப்ரவரி 13ல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டிலிருந்துதான் ஹெவி மெட்டலின் கணக்கைத் தொடங்குகிறார்கள். 2025 ஜூலை 5ல் சொந்த ஊர் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றுசேர்ந்து வாசித்தார்கள். அந்த மாதம் 22ந் தேதி ஆஸ்போர்ன் காலமானார்.

அன்று ஒரு தட்டு, இன்று ஒரு லட்சம்

அந்த முதல் இசைத்தட்டின் பாட்டுகள் ஏறக்குறைய ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. கூடுதல் நாளுக்குக் காசில்லை. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குள் போவதே குதிரைக் கொம்பு. கம்பெனி பணம் போட வேண்டும், தட்டு அச்சாக வேண்டும், கப்பலேற வேண்டும். இந்தியாவில் அது கிடைத்தவன் ராஜா. ஒருவரிடம் இருந்தால் பத்துப் பேர் கேசட்டில் பதிவு செய்துகொள்வார்கள். பதினோராவது ஆளுக்குக் கிடைக்கும் கேசட்டில் பாட்டைவிட இரைச்சலே அதிகமாக இருக்கும். அப்படியும் மனப்பாடம் ஆகும்வரை கேட்டார்கள்.

இன்று நிலைமை என்ன? கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு விற்கும் நிறுவனங்களுக்கு எல்லா வகையும் சேர்த்து நாள்தோறும் சுமார் 1 லட்சம் புதிய பாட்டுகள் வந்து சேர்கின்றன என்று பெரிய இசைக் கம்பெனிகளின் தலைவர்களே 2022ல் சொன்னார்கள். ஹெவி மெட்டல் குழுக்களை மட்டும் பட்டியல் போடும் கலைக்களஞ்சியம் ஒன்று 2002ல் கனடாவில் தொடங்கியது. அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு குழு என்று கேட்டாலும் 400 ஆண்டு வேண்டும்.

இதைவிட முக்கியமான கணக்கு வேறு. அமெரிக்காவின் லூமினேட் நிறுவனம் 2023ஆம் ஆண்டைக் கணக்கெடுத்தது. மொத்தம் 18 கோடியே 40 லட்சம் பாட்டுகள். அவற்றில் 4 கோடியே 56 லட்சம் பாட்டுகளை அந்த ஆண்டு முழுவதும் ஒருவர்கூட, ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பாடியவரின் தாயாரும் கேட்கவில்லை என்று பொருள்!

இந்த எண்களைப் பார்த்தால் ரசிகர்களின் புகார் நியாயம் என்றே தோன்றும். ஆனால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதிகம் என்றால் யாரைத் தடுப்பது?

யாரைத் தடுப்பது?

வெளியீடு குறைவாக இருந்த காலத்தில் வடிகட்டியது எது? பல சமயம் தரம் அல்ல, பணம்தான். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த சில அறைகளில், சில மனிதர்கள், யார் பாடலாம் யார் பாடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் பெங்களூர் இல்லை. டில்லி இல்லை. தமிழன் எங்குமே இல்லை.

பெங்களூரின் கிரிப்டோஸ் குழு 1998ல் தொடங்கியது. உள்ளூர் வாலிபர்கள் பல ஆண்டு பாடுபட்டு 2013ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற வாக்கன் விழா மேடையில் வாசித்தார்கள். சிங்கப்பூரில் இந்திய வம்சாவளி வாலிபர்கள் 1992ல் தொடங்கிய ருத்ரா குழு, சமஸ்கிருத சுலோகங்களை இந்த முரட்டு இசையில் ஏற்றி, அதற்கு வேத மெட்டல் என்று ஒரு தனிப் பிரிவே உண்டாக்கியது. டில்லியின் பிளடிவுட் குழு டோல் மேளத்தை மின்சார கிட்டாரோடு சேர்த்து அடித்தது. 2022ல் அவர்கள் தங்கள் முதல் முழு ஆல்பத்தை எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று அவர்களுக்குக் கூட்டம் சேருகிறது. வெளியீட்டைக் குறை என்று ஒரு சட்டம் வந்தால் முதலில் வெட்டுப்படுவது இவர்களைப் போன்றவர்கள்தான். கடைசியில் வந்தவனுக்குத்தான் கதவு முதலில் சாத்தப்படும்.

ஆகவே அதிகம் என்ற புகாரை அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. தமிழ் ரசிகர்களுக்கே இதில் நல்ல அனுபவம் உண்டு. 1980களில் இளையராஜா ஓராண்டில் 40 படங்களுக்கும் மேல் இசையமைத்த காலம் இருந்தது. மொத்தத்தில் ஆயிரம் படங்களைத் தாண்டியவர். படத்துக்கு ஐந்து பாட்டு என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சு முட்டுகிறது என்று அன்று யாராவது புலம்பினார்களா? இன்னும் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

காரணம், பாட்டுக்கும் காதுக்கும் நடுவில் மனிதர்கள் இருந்தார்கள். இலங்கை வானொலியில் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் இருந்தார்கள். எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியும். டீக்கடைக்காரர் இருந்தார், நல்ல பாட்டு வந்தால் ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவார். கேசட் கடைக்காரர் இருந்தார், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே "இதைப் பதிந்து தரட்டுமா?" என்பார். ஹெவி மெட்டலுக்கும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். பி.பி.சி.யில் 1978 முதல் வெள்ளிக்கிழமை இரவுகளில் டாமி வான்ஸ் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். இந்தியாவில் அமித் சாய்கல் 1993ல் அலகாபாத்தில் "ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்" என்ற பத்திரிகையைத் தொடங்கி, எந்த ஊரில் எந்தக் குழு நன்றாக வாசிக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னார். அவர் 2012ல் கடலில் மூழ்கி இறந்தது இந்த இசைக்குப் பேரிழப்பு.

மண்ணும் மில்லும்

தங்கவயல்காரருக்கு விளங்கும் விதத்தில் இதைச் சொல்வதென்றால், மண் எப்போதுமே அதிகம்தான். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது முதல் 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்படும் வரை, 121 ஆண்டுகளில் இங்கிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் போயிற்று. அதற்காக வெட்டி மேலே கொண்டுவந்த பாறை கோடிக்கணக்கான டன். மூடும் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 3 கிராம் அளவுக்குத்தான் தங்கம். அப்போதும் "பாறை அதிகமாக வருகிறது" என்று எந்தத் தொழிலாளியும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் மேலே மில் ஓடியது. அரைத்து மாவாக்கி, தண்ணீரில் அலசி, பாதரசத்தில் பிடித்து, எஞ்சியதைச் சயனைடில் கரைத்து, அந்த 3 கிராமைக் கையில் கொடுத்தது மில்.

இசை உலகில் இன்று நடந்திருப்பது என்னவென்றால், சுரங்கம் முழு வேகத்தில் ஓடுகிறது, மில்லை மூடிவிட்டார்கள். வெட்டிய பாறையை அப்படியே வீட்டு வாசலில் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு ரசிகனும் சம்மட்டியும் சல்லடையுமாக உட்கார வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேரம் வேலை, போக வர ஐந்து மணி நேரம் ரெயில் என்று அலையும் பையனுக்கு இது ஆகிற காரியமா?

மில்லுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது பார்த்துப் பொறுக்கித் தரவில்லையா என்று கேட்கலாம். தருகிறது. நேற்று கேட்டது போலவே இன்றும் ஒன்று, நாளைக்கும் ஒன்று என்று தருகிறது. பர்மிங்காம் மேலாளர் இசைத்தட்டோடு போனாரே, அவர் அயோமி வழக்கமாகக் கேட்பது என்ன என்று பார்த்தா கொண்டுபோனார்? அவருக்கு அந்தப் பையனின் விரல் போனது தெரியும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

சலிப்பவர்களும் தவறு செய்வார்கள் என்பதை மறுக்க வேண்டாம். 1970ல் பிளாக் சப்பாத்தின் முதல் தட்டைப் பெரிய பத்திரிகை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மில்லும் முழுத் தங்கத்தையும் எடுத்துவிடவில்லை. தங்கவயலின் 13 சயனைடு மேடுகளில் கிடக்கும் 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு மண்ணில் இன்னும் தங்கம் இருக்கிறது என்றுதான், அதைத் திரும்ப எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. தவறவிட்டதைத் தேடிப்போக வழி இருக்கிறது. ஆனால் தேடுவதற்கும் ஆள் வேண்டும். ஆடிக் காற்றில் அந்த மேடுகளின் தூசி யார் வீட்டுச் சோற்றில் விழுகிறது என்று ஊருக்குத் தெரியும். கொட்டியவர்கள் வீட்டில் விழவில்லை.

ஆள் இல்லாத பாட்டு

ஒரு வகைப் பாட்டை மட்டும் தாராளமாகத் தடுக்கலாம். மனிதன் வாசிக்காமல், பாடாமல், கம்ப்யூட்டரே செயற்கை அறிவால் தயாரித்துத் தள்ளும் பாட்டு. பிரான்சின் டீஸர் நிறுவனம் தனக்கு வந்து சேரும் புதிய பாட்டுகளில் இப்படிப்பட்டவை 2025 ஜனவரியில் நாளைக்கு 10 ஆயிரம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் 50 ஆயிரம் என்றது. அதாவது வந்ததில் மூன்றில் ஒரு பங்கு. விரல் போனவனும் இல்லை, தொண்டை வறண்டவனும் இல்லை, வாடகை கொடுக்க வேண்டியவனும் இல்லை. இதை வெளியீடு என்று கணக்கில் சேர்ப்பதே பிசகு. குறைந்தபட்சம் இன்னது இயந்திரம் செய்தது என்று முத்திரை குத்தியாவது விற்க வேண்டும். தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்கும் நாடு பாட்டுக்குக் கேட்கக் கூடாதா?

மனிதர்கள் அவசரத்தில் வெளியிடுவதற்கும் ஒரு பின்னணி உண்டு. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இசைத்தட்டு போட்டால் இனிப் போதாது என்று ஸ்பாட்டிபை நிறுவனத் தலைவர் டேனியல் எக் 2020ல் வெளிப்படையாகவே பேசினார். கடைக்காரருக்குச் சரக்கு ஓயாமல் வர வேண்டும். ஆனால் அதே நிறுவனம் 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது என்று விதி செய்திருக்கிறது. ஓயாமல் கொடு, கூலி கேட்காதே என்கிற இந்த ஏற்பாட்டைச் சுரங்கத்தில் செய்திருந்தால் மறுநாளே வேலைநிறுத்தம் நடந்திருக்கும்.

இந்த வலையில் தங்கவயல் பையன்களும் சிக்குகிறார்கள். இந்த ஊரில் இசைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கம்பெனிக் காலத்தில் ஆங்கிலோ இந்தியர்களின் நடன இரவுகள் இருந்தன. லைன்களில் பறையும் பஜனையும் நாடகமும் இருந்தன. மாதா கோயில்களில் கிட்டாரும் ஆர்மோனியமும் அக்கம்பக்கமாக ஒலித்தன. இன்று வெளியூரில் தங்கவயல் என்றால் 2018லும் 2022லும் வந்த "கே.ஜி.எப்." சினிமாவின் அதிரடி இசைதான் நினைவுக்கு வருகிறது. சயனைடு மேட்டில் படம் எடுத்தார்கள், நல்ல வசூலும் ஆயிற்று. அதில் வரும் ஊர் கற்பனை ஊர். நிஜ ஊரில் கிட்டார் வைத்திருக்கும் பையன் மூடிய அறைக்குள் கம்ப்யூட்டரில் பாட்டை முடித்து, நடு இரவில் உலகத்துக்கு வெளியிட்டுவிட்டு, காலையில் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ரெயிலுக்கு ஓடுகிறான். அடுத்த மாதம் இன்னொரு பாட்டு. அதுவும் அதே கதி. அவனை "அதிகம் வெளியிடுகிறாய்" என்று யார் கண்டிப்பது? அவன் எதிரில் உட்கார்ந்து, இந்த இடம் நன்றாக இருக்கிறது, அந்த இடம் சரியில்லை என்று சொல்ல நான்கு பேர் இருந்தால் அவனே பத்தை ஒன்றாகக் குறைத்துக்கொள்வான்.

கடைசி வண்டி

அந்த நான்கு பேரை உண்டாக்குவதற்குக் கோடிப் பணம் தேவையில்லை. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ ஒரு பள்ளிக்கூட மண்டபம், மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், ஒரு நல்ல ஒலிபெருக்கி. வருகிற ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாட்டோடு வரட்டும். பத்தோடு வர வேண்டாம். ஏன் இந்தப் பாட்டு என்று எழுந்து நின்று சொல்லட்டும். சொந்தமாக வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். பெரியவர்களும் போய் உட்காரலாம். அரைத்த மில்லின் சத்தத்தில் நாற்பது ஆண்டு தூங்கியவர்களுக்கு இந்தச் சத்தம் ஒன்றும் செய்யாது. ஆகாசவாணி பெங்களூர் நிலையம் வாரம் அரை மணி கர்நாடகத்தின் உள்ளூர்க் குழுக்களுக்கு ஒதுக்கினால் அதுவும் பெரிய உபகாரம். வாலிபர் பக்கம் போடும் பத்திரிகைகள் சினிமா செய்திகளுக்கு நடுவே ஒரு பத்தியை இதற்கு விடலாம்.

பெங்களூரில் நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2007 மார்ச் 17ல் அயர்ன் மெய்டனும், 2011 அக்டோபர் 30ல் மெட்டாலிக்காவும் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்தார்கள். அவை பெரிய திருவிழாக்கள். எப்படியாவது போய், எங்காவது படுத்துக்கொள்ளலாம். மாதா மாதம் நடக்கும் சின்ன நிகழ்ச்சிகளுக்கு அது முடியுமா? திறந்தவெளி ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு முதல் சட்டம். ஆகவே முக்கியக் குழுவை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் மேடையேற்றுகிறார்கள். நகரத்தில் வீடு உள்ளவருக்கு அது சௌகரியம். அந்த நேரத்தில் கிளம்பி ஸ்டேஷனுக்கு வந்தால் மாரிக்குப்பம் வண்டி இருக்காது. மாலூர், பங்காருப்பேட்டை, தங்கவயல் பையன்கள் பாதிப் பாட்டில் எழுந்து ஓட வேண்டும், அல்லது பிளாட்பாரத்தில் விடிய விடிய உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடித்தால், கேட்டவர்கள் வண்டி பிடிக்கலாம். வண்டியில் இரண்டு மணி நேரம், கேட்டதைப் பற்றி ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டே ஊர் வந்து சேரலாம்.